பேரைச் சொன்னால் போதுமா?

நான் வேலை பார்க்கும் இந்த வடக்கத்தி ஊரில், கவுண்ட்டரில் உட்கார்ந்து "சர்மாஜி!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு பேர் எழுந்து வருவார்கள். பக்கத்தில் இருப்பவர் முதலில் வந்து சேருவார். பேர் சரியாக இருக்கிறதே என்று அவரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தால், சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது என் கைக்காசு போகும் :-) அதனால்தான் டோக்கன், கையெழுத்து எல்லாம் பார்க்கிறோம்.

விண்டோஸ் பல வருஷம் டோக்கன் பார்க்காமல்தான் பட்டுவாடா செய்துகொண்டிருந்தது. அந்தக் கதைதான் இது.

ஒரு மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. எழுத்தைத் திரையில் காட்ட ஒன்று, படம் காட்ட ஒன்று என்று டி.எல்.எல். என்ற பொது நூலகக் கோப்புகளைக் கூப்பிட்டுக்கொள்ளும். கூப்பிடும்போது முழு விலாசம் சொல்லாமல் பேரை மட்டும் சொன்னால், விண்டோஸ் ஒரு வரிசைப்படி தேடும். முதலில் மென்பொருள் இருக்கும் ஃபோல்டர். பழைய விண்டோஸில் அடுத்ததாக நாம் அப்போது திறந்து வைத்திருக்கும் ஃபோல்டர். அதற்குப் பிறகுதான் விண்டோஸின் சொந்த ஃபோல்டர்கள். முதலில் கிடைத்தது எதுவோ, அதுதான் ஓடும்.

இதில் இருக்கும் ஆபத்தை 2000 செப்டம்பரில் பல்கேரியாவைச் சேர்ந்த ஜார்ஜி குனின்ஸ்கி வெளிப்படையாகக் காட்டினார். ஒரு வேர்ட் கோப்பு, அதே ஃபோல்டரில் ரிச்எட்20.டிஎல்எல் என்ற பேரில் ஒரு போலி. கோப்பை டபுள் கிளிக் செய்தால் போதும், போலி ஓடிவிடும். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2001 செப்டம்பரில், நிம்டா வந்தது. வேர்ட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்களில் எல்லாம் அதே பேரில் தன்னை நகல் எடுத்து மறைத்து வைத்தது. அது பரவிய பல வழிகளில் இதுவும் ஒன்று.

2004-ல் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வரிசையை மாற்றியது. திறந்திருக்கும் ஃபோல்டர் பின்னுக்குப் போனது. பின்னுக்குத்தான் போனதே தவிர, பட்டியலிலிருந்து போகவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லாத ஒரு டி.எல்.எல்.லை மென்பொருள் கூப்பிட்டால்? தேடித் தேடிக் கடைசியில் அந்த ஃபோல்டருக்கே வந்து நிற்கும்.

2010 ஆகஸ்டில் அதுதான் வெடித்தது. ஸ்லோவேனியாவின் ஆக்ரோஸ் நிறுவனமும், ஹெச்.டி. மூரும் இதைச் சொல்ல, சில நாட்களிலேயே வி.எல்.சி., ஃபயர்பாக்ஸ் உட்பட ஏகப்பட்ட மென்பொருள்கள் மாட்டின. வி.எல்.சி. தேடியது விண்டாப்32.டிஎல்எல். பேனாவால் படம் வரையும் பலகைக்கான கோப்பு. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அது இருக்கும்? காலி நாற்காலி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

தப்பு யாருடையது? முழு விலாசம் சொல்லாதது மென்பொருள்காரர்கள் தப்பு என்றது ஒரு பக்கம். கண்ட இடத்தில் தேடுவது விண்டோஸின் தப்பு என்றது இன்னொரு பக்கம். மைக்ரோசாஃப்ட் அந்தத் தேடலை அடைக்க ஒரு வழி கொடுத்தது. ஆனால் பழைய மென்பொருள்கள் படுத்துவிடும் என்பதால் எல்லாருக்கும் தானாக அமலாகவில்லை, வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு டிபார்ட்மெண்டும் "அது உங்க வேலை" என்று ஃபைலைத் தள்ளிக்கொண்டிருந்தால் அலைவது வாடிக்கையாளர்தானே!

2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சி.ஐ.ஏ. ஆவணங்களிலும் இதே உத்தி இருந்தது. நோட்பேட்++ அந்த மாதமே புது பதிப்பு வெளியிட்டு, தன் டி.எல்.எல்.லின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டே ஏற்றத் தொடங்கியது. ஆக, கடைசியில் அவர்களும் கையெழுத்துப் பார்க்க வந்துவிட்டார்கள்!

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

தேடலில் முதல் இடம் மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்கு என்று சொன்னேன் இல்லையா? டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஒரு செட்டப்பை ஓட்டினால் அந்த ஃபோல்டர்தான் முதல் இடம். அங்கே என்றைக்கோ வந்து விழுந்த குப்பையில் ஒரு போலி டி.எல்.எல். இருந்தால்? அதனால் புதிதாகக் காலி ஃபோல்டர் ஒன்று உண்டாக்கி, செட்டப்பை அதில் போட்டு ஓட்டுங்கள். அடுத்தவர் பென் டிரைவிலோ ஜிப்பிலோ வந்த ஃபோல்டருக்குள் நின்று கோப்பைத் திறக்காதீர்கள். வேண்டிய கோப்பை மட்டும் உங்கள் ஃபோல்டருக்கு எடுத்துக்கொண்டு திறங்கள். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத கணக்கு போதும். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள். பென்ஷன் கணக்கு, பேரக்குழந்தைகள் போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கிறது. போன தடவை நான் பார்த்தபோது டவுன்லோட்ஸில் ஒரே செட்டப் பதினோரு தடவை இறங்கியிருந்தது. "ஒவ்வொரு தடவையும் கேட்டுதுப்பா, நானும் சரின்னேன்" என்றார் அப்பா :-)