உட்கார்ந்துவிட்ட ஓவியர்

கணவருக்கு வயதாகிவிட்டது, கால் தள்ளாடுகிறது. மனைவி ஒரு கைத்தடி வாங்கி வந்து சுவரோரம் சாத்தி வைக்கிறாள். அவர் அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. "எனக்கு என்ன வந்துவிட்டது?" என்கிறார். தடியைத் தொட்ட அன்றே தம்முடைய கௌரவம் போய்விடும் என்று அவருக்குப் பயம். இந்தச் சச்சரவு நடக்காத வீடுகள் குறைவு. இதற்கு மருந்து தேடுகிறவர்கள் பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் வீட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

ரெனுவார் 1841ல் பிறந்தவர். 1897ல் சைக்கிளிலிருந்து விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டார். அந்தக் காலத்திலேயே கீல்வாதமும் அவரைப் பற்றிக்கொண்டது. முதலில் ஒரு கைத்தடி, பிறகு இரண்டு, அப்புறம் கக்கத்தில் இடுக்கும் கட்டைகள், முடிவில் சக்கர நாற்காலி. ஒவ்வொரு படியிலும் மனிதர் எவ்வளவு மனம் குமைந்திருப்பார் என்று கதை எழுதுகிறவன் ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய மனைவி ஆலின், அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். தையல் வேலை செய்து பிழைத்த கிராமத்துப் பெண். அவள் செய்த காரியங்களைப் பாருங்கள். கணவருக்குத் தேகாப்பியாசம் வேண்டும் என்றதும், பில்லியர்ட்ஸ் விளையாட்டில் தானும் சேர்ந்துகொண்டு அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். 1907ல் தெற்கே, வெயில் காயும் கான்ய என்ற ஊரில் ஒலிவ மரங்கள் நிறைந்த தோட்டத்தை வாங்கினார்கள். அங்கே கண்ணாடி பதித்த சித்திரக்கூடம் ஒன்று எழுந்தது. உடம்பு முடியாதவரை வீட்டுக்குள் அடைக்காமல், வெளிச்சத்தையே அவரிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். வேலைக்காரப் பெண்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். அவர்களே அவருடைய சித்திரங்களுக்கு உட்காருவார்கள். உதவி வாங்குகிறோம் என்ற உறுத்தலுக்கு அங்கே இடம் ஏது?

1915ல் சாஷா கித்ரி எடுத்த சலனப்படத்தில் ரெனுவாரைப் பார்த்திருக்கிறேன். விரல்கள் மடங்கிச் சுருண்டுவிட்டன. உள்ளங்கையில் துணிச்சுற்று. தூரிகையைக் கையோடு கட்டியிருந்தார்கள் என்று பலர் சொல்வது சரியல்ல. தோல் புண்ணாகாமல் இருக்கவே அந்தத் துணி. தூரிகையை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்தக் கை தடுமாறவில்லை.

மகன் ஜான் 1962ல் வெளியிட்ட நினைவு நூலில் ஒரு சம்பவம் வருகிறது. மருத்துவர் ஒருவர் அவரை மறுபடி நடக்கவைப்பதாகச் சொல்லிச் சிகிச்சை செய்தார். ஒரு நாள் ரெனுவார் எழுந்து சில அடி நடந்தும்விட்டார். வீட்டார் பரவசப்பட்டார்கள். அவரோ திரும்பி வந்து உட்கார்ந்தார். நடப்பதற்கே மனோபலம் முழுவதும் செலவாகிவிடுகிறது, சித்திரம் தீட்ட மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தவர் தோற்றவர் என்று யார் சொன்னது? கையிருப்பு குறைந்தவன் எதற்குச் செலவிடலாம் என்று யோசிப்பதில்லையா? அது போலத்தான் இதுவும். "உங்களால் முடியாது, தடியை எடுங்கள்" என்றால் எந்தக் கிழவரும் முறைப்பார். "கால் மிச்சப்படுத்தியதைக் கைக்குக் கொடுங்கள்" என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கதையில் மனத்தை வருத்தும் பகுதி ஒன்று உண்டு. ஆலினுக்கு நீரிழிவு நோய். 1915ல் போரில் காயம்பட்ட மகன் ஜானைப் பார்க்க நெடுந்தூரம் போய்த் திரும்பினாள்; ஜூன் மாதம் இறந்துபோனாள். வயது ஐம்பத்தாறு. எழுபத்து நான்கு வயதுக் கணவர் நாற்காலியில் இருந்தார். பிறகும் நான்கு ஆண்டுகள் வரைந்தார். 1919ல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், லூவ்ர் மாளிகையில் அவரை நாற்காலியில் வைத்தே சுற்றிக் காட்டினார்கள்.

தடியை மறுக்கிற கணவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் தடியை ஊன்ற மறுக்கும்போது பாரம் முழுவதும் மனைவியின் தோளில் இறங்குகிறது. தாங்குகிற மனைவிமாரும் யோசிக்கட்டும்: தோளும் தேயும். கைத்தடிக்கு வலி கிடையாது. அது பாரத்தைத் தாங்கும்.