பொன்னர் சங்கர் கதை (மலையக மரபு)

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என வழங்கும் வாய்மொழிக் காப்பியம். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரோடு இதுவும் கடல் கடந்தது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு இலங்கை மலையகத்தின் முதன்மையான கூத்துகளில் ஒன்றாக நிலைத்தது. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளை அடுத்த திறந்தவெளியில் தப்பொலியோடு விடிய விடிய ஆடுவர். போர்வைக்குள் சுருண்டு விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுவே முதல் சாகசக் கதை.

சிறுவர் மிகைபுனைவுக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு: பொன்னர், சங்கர் என்னும் வீரச் சகோதரர் இருவர், தெய்வ அருள் பெற்ற தங்கை தங்காள், கொம்பன் என்னும் மாபெரும் காட்டுப்பன்றி. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் பதிவுசெய்த வடிவத்தில் பொன்னாச்சி என்றொரு குட்டிநாய் வருகிறது. வேட்டைக்குத் தன்னை அழைக்காமல் போனதற்காக அது கோபித்துக்கொள்கிறது. வீரர்களால் அடக்க முடியாத பன்றியைக் கடைசியில் அந்தச் சின்னஞ்சிறு நாயே கடித்து அதன் வீழ்ச்சிக்கு வழிசெய்கிறது. பிள்ளைகள் மனத்தில் என்றும் தங்குவது இந்த இடம்தான்.

பெக் பின்னர் இக்கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக்கினார். மலையகத்திலோ எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அப்பாடல்களுக்குக் கிடைத்த அந்தக் கவனம் கூத்துக் கதைகளுக்கும் உரியது. தேயிலை மலைகளைக் களமாக்கும் சிறுவர் நாவலாசிரியருக்கு இதைவிட வளமான ஊற்று இல்லை.