பிள்ளையைப் பற்றிய பேச்சும் பிள்ளையோடு பேச்சும்

வளரிளம் பிள்ளைகளோடு வைத்தியர் பாலியல் பற்றிப் பேசுவது கடல் கடந்து வந்த புதுப் பழக்கம், எங்கள் ஊருக்கு ஒவ்வாதது என்று சொல்வோர் தென்மராட்சியில் உண்டு. ஆனால் அங்குள்ள சாவகச்சேரியின் பழைய வழக்கங்கள் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. பருவமடைதலை இந்த ஊர் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. பெண் பெரியபிள்ளையானதும் மாமிமாருக்குச் சொல்லியனுப்பி, தலைக்கு வார்த்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து, நாள் பார்த்துச் சாமத்திய வீடு செய்து ஊரறியச் சொன்னார்கள். ஆனால் இத்தனை ஏற்பாட்டிலும் பேசியவர்கள் பெரியவர்கள். பேசப்பட்டவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிற்காலத்து வைத்தியமும் இதே ஒழுங்கைத்தான் எடுத்துக்கொண்டது.

1830களில் அமெரிக்க இலங்கை மிஷன் சாவகச்சேரியிலும் ஒரு நிலையம் அமைத்தது. அந்த மிஷனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கவும் முனைந்தார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய அறிவு தமிழில் அச்சேறியது. ஆகவே சொல்லக் கூச்சம் தடுத்தது என்பதோ, சொல்லத் தமிழ் போதவில்லை என்பதோ பொருந்தாது. ஆனால் அந்த நூல்கள் வைத்திய மாணவருக்காக எழுதப்பட்டவை. பின்னர் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது; இருபதாம் நூற்றாண்டில் அரசின் மருத்துவிச்சிமார் வீடு வீடாகப் போனார்கள். அவர்களுடைய பதிவேடு மணமான தம்பதியரிலிருந்து தொடங்கியது. கலியாணம் ஆகாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் பக்கம் இல்லை.

ஆச்சிமாரும் மாமிமாரும் சொல்லிக் கொடுத்தது போதாதா என்று கேட்கலாம். அவர்கள் சொன்னவற்றில் ஓய்வு, உணவு, துடக்கு ஆகியவை இருந்தன. கருத்தரிப்பு எப்படி நிகழ்கிறது, விருப்பமில்லாத தொடுகையை எப்படி மறுப்பது என்பவை பெரும்பாலும் இல்லை. பெடியன்களுக்கோ சடங்கே கிடையாது; அவர்கள் அறிந்தது சிநேகிதர் வாயால். அந்த உறவு வலையும் குலையாமல் இருக்கவில்லை. உள்நாட்டுப் போரின் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் தரைமட்டமாகி, சனம் சிதறிப்போனது. போரின் இறுதிக் காலத்தில் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே கலியாணம் செய்துவைத்தனர். அப்படி மணமான சிறுமிக்குப் பாலியல் பற்றிய முதற்பேச்சு கர்ப்பிணிகள் கிளினிக்கில்தான் கிடைத்தது என்றால் அது மிகவும் பிந்திய பேச்சு.

பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அடுத்த அச்சம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, பாலியல் கல்வி உடலுறவைத் தூண்டவோ முந்தச் செய்யவோ இல்லை என்கிறது. பெற்றோரின் உரிமை பற்றிய கவலை இதைவிடக் கனமானது. சட்டமும் அதற்குத் துணை நிற்பதாகத் தோன்றும்: இலங்கையில் 1995இல் பாலுறவுக்கான சம்மத வயது 12இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சொல்வதை வைத்தியர் எல்லாச் சந்தர்ப்பத்திலும் தனக்குள் வைத்திருக்க முடியாது. ஆனால் இது பேசாமலிருப்பதற்குக் காரணமாகாது. எதை இரகசியமாக வைப்பேன், உயிராபத்தோ வன்முறையோ என்றால் யாரிடம் சொல்வேன் என்பதை வைத்தியர் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்குத்தான் அது காரணம்.

தாயோடு பேசிவிட்டு, பிள்ளையோடு சில நிமிடம் தனியே பேசுவது தாயின் இடத்தைப் பறிப்பதாகாது. உதாரணமாக, 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போடும் வயதில் அந்த ஊசி எதற்கு என்று அவளுக்கே விளங்கச் சொல்லலாம். அவளது கேள்விக்கு அவளிடமே பதில் சொல்லலாம். பருவத்தை ஊரறியக் கொண்டாடிய சமூகம் அதற்குரிய அறிவைப் பிள்ளைக்கு மறுப்பதற்கு மரபைத் துணைக்கு அழைக்க முடியாது.