டேனிஷ் கோட்டையில் போர்த்துகீசியப் பேச்சு



தரங்கம்பாடி போகிறவர்கள் கடலோர டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்காமல் வருவதில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டேனிஷ்காரர்கள் 1620-இல் அங்கே கால் ஊன்றினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த ஊரில் ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்ள உதவிய மொழி டேனிஷ் அல்ல, போர்த்துகீசியம்!

காரணம் சாதாரணமானதுதான். போர்த்துகீசியர் நூறாண்டு முன்னதாகவே இந்தியா வந்தவர்கள். நாகப்பட்டினம் உட்படப் பல துறைமுகங்களில் அவர்கள் மொழி பரவியிருந்தது. டேனிஷ் கற்றால் ஓர் ஊரோடு சரி. போர்த்துகீசியம் கற்றால் கடற்கரை நெடுகப் பிழைக்கலாம். புதிதாக ஒருவர் கற்கக் கற்க, ஏற்கெனவே தெரிந்தவருக்கும் அதன் பயன் கூடியது. ஆட்சியின் மொழி எது என்பதை யாரும் பார்க்கவில்லை. எதிரே நிற்பவருக்கு எது தெரியும் என்றுதான் பார்த்தார்கள். நாம் வாட்ஸ்அப்புக்கு வந்ததும் இப்படித்தானே?

டேனிஷ் மன்னர் அனுப்பிய ஜெர்மானியர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார்கள். பொதுமொழி ஒன்று இருக்கிறதே என்று அவர்கள் அதோடு நிற்கவில்லை. அது எட்டாத வீடுகள்தான் அதிகம். எனவே புளூட்சோ போர்த்துகீசியத்தைக் கவனித்துக்கொள்ள, சீகன்பால்கு தமிழில் இறங்கினார். 1712-இல் லண்டனிலிருந்து வந்த அச்சு இயந்திரத்தில் முதலில் போர்த்துகீசியம் அச்சானது. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வெளிவந்தது.

பிறகு ஆங்கிலம் பரவியதும் போர்த்துகீசியம் ஒதுங்கிவிட்டது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் ஆகிய சொற்கள் மட்டும் நம் வீட்டில் தங்கிவிட்டன.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? சென்ற மாதம் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் செய்தி வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்தது. சாதாரண போன் வைத்திருக்கும் வயதான தம்பதியர் காலையில் குழாயைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்து திகைத்தார்கள். நூறு பேர் இருக்கும் வழி வசதியானதுதான், மறுக்கவில்லை. வெளியே நிற்கும் நாலு பேருக்கு மட்டும் அதுவே பூட்டிய கதவு.

லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையைக் கழற்ற வேண்டாம் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தினம் ஒரு தாள் ஒட்ட என்ன செலவாகிவிடும்?