'டெஸ்ட்' பிறந்த மட்கலம்

'டெஸ்ட்' என்றதும் வாசகர்களுக்குத் தேர்வு நினைவுக்கு வரும். ஆனால் இச்சொல்லின் மூலமான 'டெஸ்டும்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மட்கலம் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்பது வெள்ளியைப் புடமிடும் கலமாகும். நுண்துளைகள் கொண்ட அக்கலத்தில் கலப்பு வெள்ளியை ஈயத்துடன் உருக்குவர். ஈயம் ஆக்சைடாகி, செம்பு முதலிய மாசுகளுடன் கலத்தில் உறிஞ்சப்படும், வெள்ளி எஞ்சும். முன்னும் பின்னும் நிறுத்தால் கலப்படம் வெளிப்படும். பிற்காலத்தில் இப்பெயர் எல்லா ஆய்வுக்கும் ஆயிற்று. நம் 'சோதனை'யும் தூய்மை செய்தலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததே!

ஆரணிப் பட்டுப்புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சரிகை, பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலியும் அவ்வாறே மின்னும். ஏமாறுபவர் வாங்குபவர், பழி சுமப்பவர் நெசவாளர். இன்று எக்ஸ்-கதிர்க் கருவி, புடவையைச் சிதைக்காமலே வெள்ளியின் விழுக்காட்டைக் காட்டுகிறது. கலம் மாறியது, கேள்வி மாறவில்லை.