நடந்தால் மட்டுமே வரையும் படம்



என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் என்னைச் சந்தித்து, "பையன் எந்நேரமும் மைன்கிராப்ட் விளையாட்டிலேயே கிடக்கிறான், நீங்கள்தான் கண்டிக்க வேண்டும் ஐயா" என்று முறையிட்டார். கண்டிக்கும் எண்ணத்தோடுதான் அவனை அழைத்தேன். அவனோ விளையாட்டுக்குள் தான் உருவாக்கிய நிலப்படம் ஒன்றைக் காட்டினான். வந்த வேலையை மறந்துவிட்டேன்.

2011இல் முழுமையாக வெளிவந்த விளையாட்டு அது. உலகமே சதுரக் கட்டைகளால் ஆனது. மரம் வெட்டி, மண் தோண்டி, இரவில் வரும் கொடிய உருக்களிடமிருந்து தப்பிப் பிழைக்க வேண்டும். வீட்டைவிட்டுத் தொலைவு சென்றால் வழி தவறிவிடும்; ஆகவே நிலப்படம் தேவைப்படுகிறது. அதைக் கடையில் வாங்குவதுபோல் எளிதாகப் பெற முடியாது. கரும்பை வெட்டித் தாள் செய்ய வேண்டும். (நம் முன்னோர் பலரைச் செபராங் பிறைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த பயிரும் கரும்புதான் என்பதை அவனிடம் சொல்லிவைத்தேன்.) இரும்பை உருக்கித் திசைகாட்டி செய்ய வேண்டும். எட்டுத் தாள்களின் நடுவே திசைகாட்டியை வைத்தால் வெற்றுப்படம் கிடைக்கும். அதைக் கையில் ஏந்தி நடக்க நடக்க, கண்ட நிலம் மட்டும் அதில் பதிவாகும். திசைகாட்டி இல்லாமல், ஒன்பது தாள்களை மட்டும் கொண்டும் அவனது விளையாட்டில் படம் செய்யலாம். ஆனால் அதில் ஊர் தெரியும், நாம் நிற்கும் இடம் தெரியாது.

"நான் போகாத இடம் படத்தில் வராது ஐயா" என்றான்.

அச்சொல் என்னைப் பினாங்கின் பழைய நிலப்படத்துக்கு இழுத்துச் சென்றது. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஹோம் போபம் வரைந்த, 1798ஆம் ஆண்டினது எனக் குறிக்கப்படும் நிலப்படத்தில் ஜார்ஜ் டவுனின் முதல் தெருக்கள் தெளிவாக இருக்கின்றன. லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, இவற்றோடு மலபார் தெரு. இந்த நான்கும் சேர்ந்த கட்டமே அன்றைய நகரம். மலபார் தெருதான் இன்றைய லெபோ சூலியா. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தனர். கம்பெனியின் படத்தில் நம்மவர்க்குக் கிடைத்த பெயர் அது. நாமே இட்ட பெயர் அன்று.

சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து போவதாக 1794இல் லைட் எழுதினார். கடைக்காரரும் படகோட்டிகளும் கூலிகளுமாக வந்த அவர்கள் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்பதைத் தெருக்கோடுகளில் காண முடியாது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே சாலை போட்டார்கள். அவர்கள் போட்ட சாலைகள் படங்களில் ஏறின, அவர்கள் ஏறவில்லை. அளந்தவர் எதைக் காண நடந்தாரோ அதுவே பதிவாயிற்று. இதை நான் எத்தனை முறை வகுப்பில் விளக்கியிருந்தாலும் மாணவர்க்குப் புரிந்திருக்குமா என்பது ஐயமே. அந்தச் சிறுவனுக்கு ஒரே நொடியில் புரிந்தது.

பிறகு அந்த நான்கு தெருக்களையும் விளையாட்டில் கட்டத் தொடங்கினான். முதல் அளவுப் படத்தில் 128க்கு 128 கட்டைகளே அடங்கும். அவன் கட்டிய ஊர் அடங்கவில்லை. மேலும் தாள் சேர்த்துப் படத்தின் பரப்பைக் கூட்டினான். ஊர் அடங்கியது; சந்துகள் மங்கிப் போயின. அளவுத்திட்டம் என்னும் பாடத்தை அதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

ஒரு சனிக்கிழமை, பெற்றோர் சிலருடன் ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு தாளும் பென்சிலுமாக அத்தெருக்களில் நடந்தேன். கடற்கரைத் தெருவில் கடலைக் காணோமே என்று ஒரு மாணவி கேட்டாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்ததால் கரை வெல்ட் கீ பக்கம் விலகிவிட்டதைச் சொன்னேன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பழைய படத்தில் தேடினார்கள். அது 1801இல் தோன்றியது. படம் அதற்கும் முந்தியது. பிட் தெருவே இன்று பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உடன் வந்த தாத்தா ஒருவர் லெபோ பாசாரைக் 'கடைத்தெரு' என்றார். லெபோ பினாங்கைக் 'கிட்டங்கித் தெரு' என்றார். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தித் தங்கிய கிட்டங்கிகளால் வந்த பெயர் அது. பலகைகளில் இப்பெயர்களை நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகளுள் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அறிந்ததும் நாற்பது வயதுக்குப் பிறகே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாத்தாவுக்கோ எண்பதைத் தாண்டிவிட்டது.

மாணவன் வீடு திரும்பியதும் விளையாட்டில் தெருமுனைகளில் மரப்பலகை நட்டான். எந்தப் பெயரை எழுதுவது என்று மறுநாள் கேட்டான். பலகையில் நான்கு வரிகள் எழுதலாமாம். மலபார், சூலியா இரண்டையும் ஒரு முனையில் எழுதினான். இன்னொரு முனையில் கிட்டங்கி.

குயின் தெருப் பகுதி அவன் படத்தில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. மாரியம்மன் கோவிலருகே அன்று மழை பிடித்துக்கொண்டதால் திரும்பிவிட்டோம். அந்தப் பக்கத்துப் பழைய தமிழ்ப்பெயர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை மீண்டும் நடக்கிறோம்.