தோற்ற பாடத்துக்கும் ஓர் இடம்

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கெடடு’ என்று கீறியிருந்தால் கெட்டு என்றும் படிக்கலாம், கேட்டு என்றும் படிக்கலாம். ‘கொடடை’ என்பது கோட்டையா கொட்டையா என்று ஓலை சொல்லாது.

சுவடி படிப்பதே தொழிலாகிவிட்ட எனக்கு இந்த ஐயத்தில் முதல் துணை எதுகை. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். அதற்கு முந்திய எழுத்து குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக நிற்க வேண்டும். அடுத்த அடி ‘பட்டு’ என்று தொடங்கினால் மேலே இருப்பது கெட்டு. ‘பாட்டு’ என்று தொடங்கினால் கேட்டு. பாவின் காலை ரகரமாகப் படித்தால் பொருள் வராது; அதனால் அங்கே ஐயமில்லை. எழுத்து தராத விடையை யாப்பு தந்துவிடுகிறது.

இது ஓர் ஏட்டுக்குள் தீரும் வழக்கு. ஒரே நூலுக்கு ஐந்து சுவடிகள் கிடைத்து, ஐந்தும் ஐந்து விதமாகச் சொன்னால்தான் உண்மையான தொல்லை தொடங்கும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதியிருந்தால் செவிப்பிழை வரும். லகரமும் ளகரமும் ழகரமும் இடம் மாறும். பார்த்து எழுதியிருந்தால் கண் தாவும். ஒரே சொல் இரண்டு அடிகளில் வந்தால், முதல் இடத்தை எழுதிவிட்டுத் தலையைத் திருப்பியவரின் கண் இரண்டாம் இடத்தில் போய் நிற்கும். இடையில் இருந்த அடி முழுவதும் போய்விடும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கறையானும் பார்த்துக்கொள்ளும்.

இந்த முரண்பாடுகளோடு வாழ்வதற்கு நம்மிடம் பழைய ஒழுக்கம் ஒன்று இருந்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தாம் கொண்ட பாடத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. வேறு பாடம் ஓதுவாரும் உண்டு என்று பல இடங்களில் குறித்து, அது ஏன் பொருந்தாது என்பதையும் சொன்னார். நச்சினார்க்கினியரிடமும் இந்த வழக்கம் உண்டு. அவர்கள் மறுத்ததாலேயே அந்தப் பாடங்கள் நம் வரை வந்து சேர்ந்தன.

அச்சு வந்தபோது இந்த ஒழுக்கத்துக்கு ஆபத்தும் வந்தது. 1812இல் திருக்குறள் மூலம் முதன்முதலாகச் சென்னையில் அச்சேறியது. தென்னாட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, பிழை களைந்து, அம்பலவாணக் கவிராயர் அனுப்பிய பாடம் அது. பெரிய காரியம்தான். ஆனால் ‘பிழையற்ற பாடம்’ என்று ஒன்றை மட்டும் அச்சிட்டுவிட்டால், மற்ற ஏடுகள் என்ன சொல்லின என்பதை வாசகர் அறிய வழியில்லை. ஏடு எழுதுபவர் ஒரு பிரதியில் செய்த பிழை அந்தப் பிரதியோடு போகும். அச்சில் எடுத்த முடிவோ நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒரே நாளில் உறுதியாகிவிடும்.

இந்த இடத்தில்தான் உ.வே. சாமிநாதையர் எனக்கு முக்கியமானவராகிறார். ஏடு தேடி அலைந்தார் என்பதற்காக அவரைப் போற்றுவது நம் வழக்கம். தேடிக் கிடைத்தவை ஒன்றோடொன்று மோதியபோது அவர் என்ன செய்தார் என்பது அதைவிடப் பெரிய செய்தி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவரிடம், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவாக 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏடுகளை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குப் போனார். அங்கே அந்த நூலைப் பரம்பரையாகப் பாடம் கேட்டு வந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஏடு ஒரு சாட்சி, உரை ஒரு சாட்சி, மற்ற உரைகளில் வரும் மேற்கோள் ஒரு சாட்சி, வாய்வழிப் பாடம் ஒரு சாட்சி. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

உரையிலேயே ஏட்டுக்கு ஏடு வேறுபாடு இருந்தது. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சைன அறிஞர்கள் ஒப்பவில்லை என்றும், அவர் சைன நூல்களைக் கற்றுத் திரும்பவும் எழுதினார் என்றும் சைனர்களிடையே ஒரு செய்தி வழங்கிவந்தது. இது என்னை நெடுநாள் யோசிக்க வைத்த செய்தி. இரண்டு ஏடுகள் முரண்பட்டால் ஒன்று சரி, மற்றது பிழை என்று நம் மனம் உடனே தீர்ப்புக்கு ஓடும். இரண்டும் ஒரே ஆசிரியரின் கையிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்தவையாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் கலந்து ஒன்றாக்குவது, எந்த நாளும் இல்லாத ஓர் உரையை நாமே உண்டாக்குவதாகும்.

எண்ணிக்கையை நம்பி முடிவு கட்டுவது இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்கள் செய்வது. நான்கு ஏடு ஒரு பக்கம், ஓர் ஏடு மறுபக்கம் என்றால் நான்கின் பக்கமே சாய்வார்கள். நான்கும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை என்றால் அவை ஒரே சாட்சிதான். எப்படிக் கண்டுபிடிப்பது? சரியான இடங்களில் ஒத்துப்போவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தவறுகளில் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கிலும் ஒரே அடி விடுபட்டு, ஒரே இடத்தில் பொருளற்ற ஒரே எழுத்து நின்றால், தாய் ஒன்று. இணையத்தில் பத்து இடங்களில் ஒரே பாடம் இருக்கிறது என்று என்னிடம் காட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பத்திலும் ஒரே தட்டச்சுப் பிழை இருப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ஏடு படிக்கக் கற்றுத்தந்த ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: “படிச்சவர் எழுதின ஏடுன்னா கொஞ்சம் பயந்து படிம்மா.” பொருள் தெரியாமல் எழுதுபவர் பிழையைப் பிழையாகவே எழுதிவிட்டுப் போவார், அந்தப் பிழைக்குள் பழைய சொல் ஒன்று பாதி உயிரோடு கிடக்கும். புலமையுள்ளவரோ விளங்காத சொல்லைக் கண்டால் தளை தட்டாமல், எதுகை கெடாமல் விளங்கும் சொல்லொன்றை வைத்துவிடுவார். அந்த ஏடு ஓடைபோல் ஓடும். அதன்பின் பழைய சொல்லை எங்கே போய்த் தேடுவது? ஆகவே சந்தேகம் வரும்போது கடினமான பாடத்துக்கே முதலில் காது கொடுக்க வேண்டும். எளிய சொல்லைக் கடினமாக மாற்ற யாருக்கும் காரணம் இருப்பதில்லை.

பதினெண்கீழ்க்கணக்கில் நடந்த வழக்கு இதற்கு நல்ல சான்று. அந்தப் பதினெட்டு நூல்களின் பெயர்களை ஒரு பழைய வெண்பா சொல்கிறது. அதன் பாடம் ஏட்டுக்கு ஏடு மாறும். எந்தச் சொல் நூற்பெயர், எந்தச் சொல் வெறும் அடைமொழி என்பதிலும் ஐயம். ஒரு விதமாகப் படித்தால் பதினெட்டாவது நூல் இன்னிலை; வேறு விதமாகப் படித்தால் கைந்நிலை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1917இல் இன்னிலையை உரையோடு பதிப்பித்தார். 1931இல் இ.வை. அனந்தராமையர் கைந்நிலையைப் பதிப்பித்தார். கைந்நிலையின் 60 வெண்பாக்களில் பல சிதைந்து, சீரும் அடியும் இழந்து கிடந்தன. இன்னிலையின் 45 வெண்பாக்களில் அந்தச் சிதைவு இல்லை. பின்வந்த ஆய்வாளர் பலர் இன்னிலை பிற்காலத்தார் புனைந்தது என்று தள்ளி, கைந்நிலையையே கொண்டார்கள். நூற்றாண்டுகளைக் கடந்து வந்த சாட்சியின் உடம்பில் காயம் இருப்பது இயல்பு. வ.உ.சி. கையில் கிடைத்ததை மறைக்காமல் வெளியிட்டதனால்தான் அது நான்கு பேர் பார்க்கும் இடத்துக்கு வந்தது, விசாரணையும் நடந்தது.

சாமிநாதையர் பதிப்புகளில் மூலத்துக்கும் உரைக்கும் கீழே, சிறிய எழுத்தில் ‘(பி-ம்.)’ என்று ஒரு குறி வரும். பிரதிபேதம். அவர் தள்ளிய பாடங்கள் அங்கே வரிசையாக நிற்கும். மேலே தீர்ப்பு, கீழே தோற்ற கட்சியின் வாக்குமூலம். தாம் தேர்ந்தெடுத்தது பிழையாக இருந்தால் பின்னால் வருபவர் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதற்காக அவர் கதவைத் திறந்து வைத்தார். ஏடுகள் எதுவுமே பேசாத இடத்தில் அவரும் பேசவில்லை. 1894இல் வந்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்காதவை. அந்த எண்கள் பாட்டில்லாமல் நின்றன. சிதைந்த அடிகளில் புள்ளி வரிசை போட்டார். வெண்பாவும் ஆசிரியப்பாவும் நினைத்த நேரத்தில் பாட வல்ல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அவர். யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நிரப்பியிருக்கலாம்.

இப்போது வரும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இந்த அடிக்குறிப்புகளை எடுத்துவிடுகிறார்கள். பக்கம் மிச்சமாகிறது என்பது காரணம். இது எனக்குத் தாளாத வருத்தம். என்னிடம் சுவடி படிக்க வரும் பிள்ளைகளுக்கு, பழைய பதிப்பொன்றில் மூலத்தைத் தாளால் மறைத்துவிட்டு அடிக்குறிப்பை மட்டும் முதலில் கொடுக்கிறேன். ஐயர் தள்ளிய பாடத்துக்காக எதுகை, தளை, பொருள், உரைச்சான்று எல்லாம் காட்டி அவர்கள் வாதாட வேண்டும். பெரும்பாலும் ஐயர்தான் வெல்கிறார். சில இடங்களில் பிள்ளைகள் வெல்கிறார்கள். அந்தப் பாடங்களைக் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம், ஐயர் கொண்ட பாடத்தையும் அதன் கீழேயே குறித்து.